தாடைக்கடியில் ஒரு நீலத் துண்டு

அந்தச் சலவைக்கடையில் கறை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தாமாகச் சொல்ல வருபவரையும் சொல்லவிடுவதில்லை. இவ்விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. பொத்தான் உடைந்தால் கடை பொறுப்பாகாது என்ற அறிவிப்புக்குச் சுவரில் இடம் இருந்தது, இதற்கு இல்லை. எனினும் அங்கு வேலைபார்த்த நால்வரும், வந்துபோகும் வாடிக்கையாளர்களும் இதைத் தவறாமல் காத்துவந்தார்கள்.

யாரேனும் ஒரு சட்டையை மேசைமேல் விரித்து, "இது வந்து, முந்தாநாள் ஒரு எடத்துல…" என்று ஆரம்பித்தால், கடையை நடத்திவந்த பெரியம்மா கறைக்கு அருகே சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டபடியே, "வியாழக்கிழமை வாங்கிக்கலாம்" என்பார். குரலில் கண்டிப்பும் இராது, ஆர்வமும் இராது. சொல்ல வந்தவர் பாதி வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு, ரசீதை மடித்துப் பையில் வைத்து, வந்ததைவிட இலேசாகப் படியிறங்கிப் போவார். உள்ளே மெஷின்காரருக்கு அந்தச் சிவப்புத் தையல் ஒன்றே போதும். குழம்பா, மையா, இரத்தமா என்பதை விரல்நுனியாலும் மூக்காலும் அவர் கண்டுகொள்வார். அதற்கு மேல் அறிந்துகொள்வது அவர் கண்ணோட்டத்தில் அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப்பார்ப்பதற்கு ஒப்பு.

'பெரியம்மா' என்பது அவருடைய தங்கை மகளுக்கு உரிய முறை. அவள் மூன்றாண்டுகளுக்கு முன் வேலைக்கு வந்து சேர்ந்ததும் கடை முழுவதும் அந்த முறையைப் பிடித்துக்கொண்டது. பெரியம்மாவைவிட நான்கு வயது மூத்த மெஷின்காரரும் அவரைப் பெரியம்மா என்றே கூப்பிட்டார். இஸ்திரி மேசைக்காரர் மட்டும், "நீங்க அவங்களுக்கு மூத்தவரு. அவங்க உங்களுக்குப் பெரியம்மா. அப்ப பாப்பா உங்களுக்கு என்ன முறை?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்பார். மெஷின்காரர் சிறிதும் யோசியாமல், "முதலாளி முறை" என்பார்.

தங்கை மகளுக்கு வயது இருபத்து மூன்று. ஆயினும் எல்லோருக்கும் பாப்பாதான். பெரியம்மாவின் வீட்டிலேயே தங்கி, அவருடனேயே கடைக்கு வந்துபோனாள். பதினேழு வயதிலிருந்து அவள் முகத்தில் பருக்கள் இருந்தன. நெற்றியில் சில, கன்னங்களில் பல, தாடை ஓரமாக ஒன்று ஆறுவதற்குள் மற்றொன்றாக இடைவிடாமல். வெளியில் போனால் அவற்றுக்கு மருந்து சொல்லாதவர் குறைவு. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் அறியாத பெண்மணிகூட, "எண்ணெய்ப் பண்டத்த விட்டுப் பாரும்மா" என்று இறங்கும்போது சொல்லிவிட்டு இறங்குவார். கடையில் மட்டும் எவரும் எதுவும் சொன்னதில்லை. துணிக்கு இருந்த மரியாதை முகத்துக்கும் நீண்டிருந்தது. அந்த மௌனத்தில் அவள் மூன்றாண்டுகள் சுகமாக இருந்தாள் என்பது உண்மை. அதே மௌனம் நாளடைவில் அவளுக்குக் கனத்தது என்பதும் உண்மை. "கொஞ்சம் கொறைஞ்சிருக்கா?" என்று கேட்கக்கூட அங்கே ஆளில்லை.

தோல் மருத்துவரிடம் அவள் தனியாகத்தான் போனாள். பெரியம்மாவிடம், "ஒரு எடத்துக்குப் போயிட்டு வரேன்" என்றாள். "போயிட்டு வா" என்றார் அவர்.

மருத்துவர் அவள் எதிர்பார்த்ததைவிட இளையவராக, அவள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேசுபவராக இருந்தார். விளக்கை முகத்தருகே கொண்டுவந்து பார்த்துவிட்டு, சீட்டில் ஒரு களிம்பை எழுதினார்.

"ஒரு வாரத்துல சரியாயிடும்னு நெனச்சு வந்திருந்தா இப்பவே சொல்லிடறேன், ஆகாது. எட்டு வாரம். பன்னெண்டும் ஆகலாம். ஆரம்பத்துல எரியும், உரியும், இருக்கறதவிட மோசமாத் தெரியும். அப்ப என்னைத் திட்டுவீங்க. திட்டிக்கிட்டே பூசுங்க."

"எவ்வளவு பூசணும் டாக்டர்?"

"பட்டாணி அளவு. முகம் முழுசுக்கும் சேத்துதான் சொல்றேன். பருவுக்கு ஒரு பட்டாணி இல்ல. மொத நாலு வாரம் ராத்திரி மட்டும். தோல் தாங்கினா அப்புறம் காலையிலும். வெயில் ஆகாது. கலர்த் துணில பட்டா வெளுத்துடும், தலையணைக்கு வெள்ளை உறை போட்டுக்கங்க."

"அதெல்லாம் எனக்குச் சொல்லவே வேணாம் டாக்டர். நான் சலவைக்கடை" என்றாள் பாப்பா, சற்றே நிமிர்ந்து.

அந்தப் பெருமைக்கு ஏற்ப அவள் எல்லாவற்றையும் செம்மையாகச் செய்தாள். வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு, கழுத்துப்பட்டை வெளிறிப்போன பழைய இரவு உடை. களிம்புப் பெட்டிக்குள் இருந்த நீண்ட விளக்கத் தாளைப் படித்துவிட்டு, திரும்ப மடிக்கத் தெரியாமல் சுருட்டித் திணித்து இழுப்பறையில் வைத்தாள்.

மருத்துவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. முதல் வாரம் எரிந்தது. இரண்டாம் வாரம் மூக்கோரமும் தாடையும் வெங்காயத் தோல்போல் உரிந்தன. இல்லாத இடத்திலும் புதிதாகப் பருக்கள் கிளம்பின. மதிய உணவின்போது கைப்பேசியில், அதே களிம்பைப் பூசிய முகம் தெரியாத மனிதர்கள் எழுதியவற்றை அவள் தேடிப் படிக்கத் தொடங்கினாள். "மூன்றாம் வாரம். பாம்பு சட்டை உரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் நான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆறாம் வாரத்தில் குப்பையில் வீசிவிட்டு ஏழாம் வாரத்தில் மறுபடி வாங்கியதாக ஒருவர். தம் மகளுக்காக வாங்கி, அவள் தனியாகப் பூச வெட்கப்பட்டதால் தாமும் கூடவே பூசிக்கொண்டதாக ஒரு தகப்பன். "என் நீலப் போர்வை போச்சு. முகம் மட்டும் பரவாயில்லை" என்று ஒருவர். இதைப் படித்துப் பாப்பா, தொழில் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தாள். அங்கே யாவரும் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் ஒருமுறையும் எதுவும் எழுதவில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. அவள் வழக்கம்போல் முன்மேசையில், வாசலைப் பார்த்தபடி ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குமேல் வெயில் நேராக அம்மேசைமேல் வந்து விழும். அந்த வெயிலில் காய்ந்தே ரசீதுப் புத்தகத்தின் பச்சை அட்டை வெள்ளைக்குப் பாதி வழி வந்திருந்தது. பெரியம்மா அவள் பின்னால் வந்து நின்றார்.

"நாளையிலேர்ந்து நீ உள்ள மடிப்பப் பாத்துக்கோ. முன்னாடி நான் பாத்துக்கறேன்."

"ஏன் பெரியம்மா?"

"மடிக்க ஆள் வேணும்ல."

மடிக்க ஏற்கெனவே ஆள் இருந்தது. இஸ்திரி மேசைக்காரர்தான் சலித்துக்கொண்டே மடித்துவந்தார். பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். கறை போகாத துணியை அடுக்கின் அடியில் வைப்பது கடைகளில் உள்ள வழக்கம். அன்று மாலை வீட்டில் அந்த வெள்ளைத் துண்டில் முகம் புதைத்துச் சற்று அழுதாள். கண்ணீரும் எரிந்தது. இழுப்பறையைத் திறந்தபோது, சுருட்டித் திணித்த தாள் ஓரத்தோடு ஓரம் பொருந்த நேர்த்தியாக மடிந்து கிடந்தது. தானே ஏதோ பொறுமையான வேளையில் மடித்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டாள்.

உள்ளறை வேலை மோசமில்லை. இஸ்திரி மேசைக்காரர் தம் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, "எனக்கு ஆவிதான் உடம்புக்கு ஒத்துக்குது" என்றார். மெஷின்காரர் அவள் கையாளும் துண்டுகளை இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை அலசினார். மடிப்பு மேசை சிறியது, அழகு நிலையத்திலிருந்து வரும் கருநீலத் துண்டுகளோ நீளமானவை. ஆகவே அவற்றை அங்கு எல்லோரும் காற்றிலேயே மடிப்பார்கள். இரு மூலைகளைப் பிடித்துக் கைகளை அகல விரித்து, ஓரத்தின் நடுப்பகுதியைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு, இரு கைகளையும் ஒன்றுசேர்த்தால் துண்டு சரிபாதியாக மடியும். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது துண்டுகள். இரண்டாம் நாளே கை தன்பாட்டுக்குச் செய்தது. தாடையும் தன்பாட்டுக்குச் செய்தது.

ஐந்தாம் வாரத்தில் எரிச்சல் அடங்கியது. மருத்துவர் சொன்னபடி காலையிலும் பூசத் தொடங்கினாள். ஏழாம் வாரத்தில் நெற்றி தெளிந்தது. எட்டாம் வாரத்தில் ஒருநாள் பல் துலக்கும்போது, தாடையில் புதிதாக ஒன்றுகூட இல்லை என்பதைக் கண்டு, வாயில் நுரையோடு கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி நின்றாள்.

அதே வாரத்தில்தான் அழகு நிலையத்து அம்மா பதினொரு துண்டுகளோடு கடைக்கு வந்தார். ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் வெளுத்து, துருப்பிடித்தாற்போல் செம்மஞ்சளாகியிருந்தது.

"எப்படின்னு நான் கேக்கல பெரியம்மா. கேக்கவும் மாட்டேன். ஆனா பாருங்க, எல்லாத்துலயும் ஒரே எடத்துல இருக்கு, ஓரத்துக்கு நடுவுல. எங்க கடை மருந்து சிந்தியிருந்தா அங்கங்க இருக்கும். அளவெடுத்தா சிந்தும்?"

பெரியம்மா துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். துண்டுகள் கடையிலிருந்து நல்லபடியாகத்தான் போயின. அங்கே ஈரத் தலைமுடியில் பட்டதும் வெளுப்பு தலைகாட்டியது.

"அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள சரியாகலைன்னா வேற எடம் பாத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மெஷின்காரர் அன்றே வேலையில் இறங்கினார். வெளுப்பான் போகும் குழாய்களைக் கழற்றிக் கழுவினார். உருளைக்குள் தலையை விட்டு, துளைத் துளையாகத் தடவிப் பார்த்தார். கந்தல் நீலத்துணிகளைப் போட்டு ஓட்டினார். அவை நீலமாகவே வெளிவந்தன. அடுத்த வாரமும் ஏழு துண்டுகள் வெளுத்துத் திரும்பின. அதன்பின் அவர் இயந்திரத்தைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டார். அளவுக் குவளையை எடுத்துக்கொண்டு இஸ்திரி மேசைக்கு வந்தார்.

"இந்தக் கோடு ஆறா, எட்டா?"

"எட்டு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"நல்லதுதானே. வீட்டம்மா எட்டு மணிக்கு வரச் சொன்னா ஆறு மணிக்கே போய் நிப்பீங்க. நல்ல பேரு."

மெஷின்காரர் சிரிக்கவில்லை. இஸ்திரி மேசைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சும்மா சொன்னேன்" என்றார்.

அன்று மாலை மெஷின்காரர் முன்மேசைக்குப் போய்ப் பேசியது உள்ளறை வரை கேட்டது.

"இருபத்தி ரெண்டு வருஷம். என் கையால ஒரு துணி கெட்டதில்ல. இப்ப கண்ணு போச்சு, அளவு தப்புது. அந்த அம்மா வர்ற சனிக்கிழமை நான் சாவிய வச்சிடறேன்."

"சாவிய யார் கேட்டா உங்ககிட்ட?"

"நீங்க கேக்கமாட்டீங்க. அதனாலதான் நானே சொல்றேன்."

பெரியம்மா சிவப்பு நூல்கண்டை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். கறையைப் பற்றிப் பேசிப் பழகாத ஒருவரிடம், இப்படிப்பட்ட இடத்தில் சொல்வதற்குச் சொற்கள் இருப்பதில்லை.

சனிக்கிழமை நண்பகல். பாப்பா கடைசிக் கட்டுத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உலர்த்தும் இயந்திரம் ஓய்ந்து நின்றது. அதன் வட்டக் கண்ணாடிக் கதவில் அவள் உருவம் விழுந்தது. வெளுத்துத் திரும்பிய துண்டுகளுள் ஒன்றைக் கையில் எடுத்து, கைகளை விரித்து, தாடையைத் தாழ்த்தினாள். கண்ணாடியில் அந்தச் செம்மஞ்சள் வட்டம் அவள் தாடைக்கு அடியில், கிண்ணத்துக்கு வைத்த மூடிபோல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

அவள் அப்படியே நின்றாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு மூன்றாவதை. தலையணைக்கு வெள்ளை உறை போட்டவள், தாடையும் முகத்தைச் சேர்ந்தது என்பதை மறந்துபோயிருந்தாள். "என் நீலப் போர்வை போச்சு" என்று எழுதிய அந்த முகம் தெரியாத ஆள் எங்கிருந்தோ இப்போது தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

முதலில் தோன்றியது தப்பிக்கும் வழிதான். நாளையிலிருந்து மேசையில் வைத்து மடித்தால் போதும். வெளுப்பு நின்றுவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்குள் மெஷின்காரர் போயிருப்பார், தம் கண் கெட்டுவிட்டது என்ற நம்பிக்கையோடு. சொல்லலாம் என்றாலோ, மூன்று வருடமாக இவர்கள் அன்போடு பாராமல் விட்ட ஒன்றை அவளே எடுத்து எல்லோர் முன்னும் விரித்துக் காட்ட வேண்டும்.

அவரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று போனாள். அவர் உருளையின் கண்ணாடியைக் கடைசி முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தத் துண்டு விஷயம்…"

"வேணாம் பாப்பா."

"இல்ல மாமா, அது உங்க கண்ணு…"

"கறையப் பத்திப் பேசக்கூடாதுன்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா? ஆறுதல் சொல்ல வர. நல்ல புள்ள. போய் வேலையப் பாரு."

"ஆறுதல் இல்ல மாமா…"

"துண்டு ஆறிடும், மடி" என்று அவர் துடைக்கும் துணியைப் பிழிந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்ததைக் கண்டு அவள் மடிப்பு மேசைக்குத் திரும்பினாள்.

நான்கு மணிக்கு அழகு நிலையத்து அம்மா வந்தார். வெயில் முன்மேசைமேல் முழுதாக விழுந்திருந்தது. சட்டை வாங்க வந்த ஒருவர் ரசீதோடு ஓரமாக நின்றார். மேசைமேல் துண்டுகள், அவற்றின் பக்கத்தில் மெஷின்காரர் வைத்த சாவிக்கொத்து.

"புதுசா வாங்கித் தந்துடறோம்" என்றார் பெரியம்மா.

"துண்டு பெரிசில்ல பெரியம்மா. நாளைக்கு மறுபடி இப்படி ஆகாதுன்னு யாராவது சொன்னா போதும்."

"இனி ஆகாதும்மா. தப்பு என் கையில. நான் நின்னுக்கறேன்" என்றார் மெஷின்காரர்.

இஸ்திரி மேசைக்காரர் உள்ளறை வாசலில் வந்து நின்றார். அவரைத் தாண்டிக்கொண்டு பாப்பா வெளியே வந்தாள். ஏழு வாரங்களாக அவள் முன்மேசைப் பக்கம் வந்ததில்லை. ஒரு துண்டை எடுத்து, மூலைகளைப் பிடித்துக் கைகளை விரித்து, தாடைக்கடியில் இடுக்கினாள். எல்லோரும் பார்த்தார்கள். வட்டம் தன் இடத்தில் உட்கார்ந்தது.

"இது மெஷின் பண்ணினது இல்ல" என்றாள். தாடையை அழுத்திக்கொண்டு பேசியதால் குரல் ஒரு மாதிரியாக வந்தது. துண்டைக் கீழே விட்டுவிட்டு மறுபடி சொன்னாள். "மாமா கண்ணும் இல்ல. இந்தக் கறை என்னோடது. எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்."

"வியாழக்…" என்று பெரியம்மாவின் வாய் பழக்கத்தில் ஆரம்பித்து நின்றது. அவர் பாப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அதன்மேல் விழுந்த வெயிலைப் பார்த்தார். அவள் முழங்கையைப் பிடித்து மேசையின் நிழல் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"இங்க நின்னு சொல்லு. அந்த மருந்துக்கு வெயில் ஆகாதுன்னு தாள்ல போட்டிருக்குல்ல."

பாப்பா சட்டென்று பெரியம்மாவை ஏறிட்டாள். ஓரத்தோடு ஓரம் பொருந்த மடித்திருந்த அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. வீட்டில் அப்படி மடிக்கும் கை ஒன்றுதான்.

"நீங்க படிச்சீங்களா பெரியம்மா?"

"மூணாவது வாரமே. அதான் உள்ள போகச் சொன்னேன்." பெரியம்மா துண்டைத் தடவிப் பார்த்தார். "துணி வெளுக்கும்னும்தான் போட்டிருந்தது. தலையணைன்னுதான் நானும் நெனச்சேன்."

"எந்த மருந்து?" என்றார் மெஷின்காரர். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு கறையைப் பற்றி அவர் அக்கடையில் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். சட்டை வாங்க வந்தவர் ரசீதைப் பையில் வைத்துவிட்டு மேசையை நெருங்கினார். அழகு நிலையத்து அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பாப்பா சாவிக்கொத்தை எடுத்து மெஷின்காரர் கையில் வைத்தாள்.

"மூஞ்சில பருவுக்குப் பூசற களிம்பு மாமா" என்றாள். "காலையில குளிச்சதும் ஒரு பட்டாணி அளவு எடுப்பேன். மொதல்ல தாடையிலதான் வைப்பேன். அங்கதான் நெறைய இருந்துச்சு, நீங்க எல்லாருமே பாத்திருப்பீங்க."